தெருப்பெயரை மாற்றுமுன் பழைய பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியிருப்புகள், தெருக்கள், சாலைகள் ஆகியவற்றின் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்குவது தொடர்பாகத் தமிழக அரசு 2025 அக்டோபரில் ஆணை வெளியிட்டது முதல், அதுபற்றிய செய்திகளும் வாசகர் கடிதங்களும் தங்கள் நாளிதழில் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை, மாற்றலாமா கூடாதா என்ற ஒரே கேள்வியைச் சுற்றி நிற்கின்றன. பாளையங்கோட்டையில் 31 ஆண்டுகள் பத்திர எழுத்தராக இருந்து, நாளொன்றுக்கு நாலைந்து தெருப்பெயர்களையாவது கைப்பட எழுதியவன் என்ற முறையில், அதற்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று விடுபட்டுப் போயிற்று என்று எண்ணுகிறேன். மாற்றப்போகிற பெயருக்கு முன்பு அந்தத் தெருவுக்கு என்ன பெயர் இருந்தது, அது ஏன் வந்தது என்று யாரேனும் எழுதி வைத்திருக்கிறோமா என்பதே அது.

பத்திரம் எழுதுகிறவனுக்குத் தெருப்பெயர் என்பது சொத்தின் ஓர் எல்லை. சர்வே எண்ணும் டவுன் சர்வே வார்டும் பிளாக்கும் வந்து சேர்வதற்கு முந்தைய பத்திரங்களில், வீட்டை அடையாளம் காட்ட நான்கு மால்களை, அதாவது நான்கு பக்க எல்லைகளை, விட்டால் வேறு வழி கிடையாது. 'தென்வடலோடும் செக்கடி முடுக்குக்கு மேற்கு, கீழ்மேலோடும் நடுத்தெருவுக்கு வடக்கு' என்று எழுதிவிட்டால் அந்த வீடு இருந்த இடத்தை விட்டு நகராது. இன்றைக்கும் நகர்ப்பகுதிகளில் பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு தெருவாரியாகத்தான் வகுக்கப்படுகிறது. ஆகவே பலகையில் ஒரு பெயர் மாறும்போது பெயிண்டுச் செலவோடு காரியம் முடிந்துவிடுவதில்லை.

மேலே சொன்ன செக்கடி முடுக்கு நான் எடுத்துக்காட்டுக்காகக் கற்பித்துக்கொண்டது அன்று. சேரன்மாதேவிப் பக்கம் ஓர் ஊரில் அது இன்றும் இருக்கிறது. சென்ற ஆண்டு அங்கிருந்து ஓர் அம்மா, மகனின் வீட்டுக்கடனுக்காகத் துணிக்கடைப் பை ஒன்றில் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் தொழிலை விட்டு மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டதைச் சொன்ன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய மாமனார் காலத்துத் தாய்ப்பத்திரத்தில், அதாவது சொத்தின் பழைய மூலப் பத்திரத்தில், தெருவின் பெயர் செக்கடி முடுக்கு. வீட்டுத்தீர்வை ரசீதில் பிள்ளையார் கோவில் 2வது குறுக்குத் தெரு. ஆதார் அட்டையிலோ பாரதியார் தெரு. மூன்றும் ஒரே தெரு என்பதற்குச் சான்று கொண்டுவாருங்கள் என்று கடன் கொடுக்கும் இடத்து வழக்கறிஞர் சொல்லிவிட்டார். ஒரு காலத்தில் மாற்றிய அலுவலகத்தில் மாற்றியதற்கான காகிதம் இல்லை. பக்கத்து வீட்டுப் பத்திரங்கள் இரண்டைத் தேடிப்பிடித்து, அவற்றின் எல்லைகளோடு பொருத்திக் காட்டிச் சான்று வாங்கி முடிக்க நான்கு மாதம் ஆயிற்று. அந்த வேலைக்காக ஒருநாள் அந்த முடுக்குக்குள் போனேன். உள்ளே எதிரெதிராக இருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அதன் கோடியில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் பாதி மண்ணுக்குள் புதைந்த கல்செக்கு. உலக்கை சுழன்று வழவழப்பேறிய அதன் குழியில் மழைத்தண்ணீர் தேங்கி, வேப்பம்பழம் இரண்டு மிதந்துகொண்டிருந்தன. தெருப்பெயருக்கான சான்று இத்தனை காலமும் அங்கேயே கிடந்திருக்கிறது. அதை யாரும் சேர்த்து வாசிக்கவில்லை.

முடுக்கு என்ற சொல்லைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் தெரு வேறு, சந்து வேறு, முடுக்கு வேறு. வண்டி போய்வர இடமுள்ளது தெரு. இரண்டு தெருக்களை இணைக்கும் குறுகிய வழி சந்து. வீடுகளின் பக்கச் சுவர்களுக்கு இடையே, பெரும்பாலும் ஆள் மட்டும் நுழைந்து போகும்படி, ஒடிந்து வளைந்து செல்வது முடுக்கு. தெருக்கள் கூடித் திரும்பும் மூலையோ முக்கு. இந்த நுணுக்கங்கள் அறியாத ஏதோ ஒரு கை, இவை எல்லாவற்றையும் 'குறுக்குத் தெரு' என்று ஆக்கி எண் கொடுத்துவிட்டது. எண் கொடுப்பதில் ஒரு வசதி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 3வது குறுக்குத் தெரு என்ற பெயரைக் கேட்டு, தீயணைப்பு வண்டி அதற்குள் நுழையுமா நுழையாதா என்று சொல்ல முடியாது. முடுக்கு என்றால் வண்டியை முக்கிலேயே நிறுத்திவிட்டுக் குழாயை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்பது உள்ளூர்க்காரர் யாருக்கும் தெரியும்.

தெரு என்பது தமிழின் பழஞ்சொல். வீதி வடமொழி வழியே வந்தது. வந்த சொல்லைக் கோவிலைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு, சொந்தச் சொல்லைக் குடியிருக்கும் இடத்துக்கு வைத்துக்கொண்டோம். திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோவிலைச் சுற்றி உள்ளவை ரதவீதிகளும் மாடவீதிகளும். சற்று விலகிப் போனால் தெருக்கள் தொடங்கிவிடுகின்றன. மதுரைக்காரர்கள் தங்கள் கோவில் வீதிகளுக்குச் சித்திரை, ஆடி, ஆவணி மூலம், மாசி என்று திருவிழாக் காலத்தைப் பெயராக வைத்தார்கள். நாம் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று திசையோடு நிறுத்திக்கொண்டோம். இதில் நமக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனி மாதத் தேரோட்டத்தன்று சுவாமி தேர் ஒரு வீதியிலிருந்து மறு வீதிக்குத் திரும்புவதை முக்கில் நின்று பார்த்தவர்களுக்கு, அந்த வீதிகள் ஏன் அவ்வளவு அகலம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. வடம் பிடிப்பவர்கள் வளைந்து வர இடம் வேண்டும், தடி போடுகிறவர்கள் நிற்க இடம் வேண்டும். வீட்டுக்காரர் முன்புறம் ஒரு திண்ணையை நீட்டியிருந்தால்கூடத் தேர் அதைச் சொல்லிக் காட்டிவிடும். ஆக்கிரமிப்பு அகற்றும் வேலையை ஆண்டுக்கொரு முறை தேர் செய்து வந்திருக்கிறது என்று எங்கள் பத்திர எழுத்தர்களுக்குள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம்.

திசைப்பெயர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். எங்கள் பகுதியில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் தெருப்பெயர்கள் அவைதாம். கீழத்தெரு என்றால் தாழ்ந்த தெரு என்றும் மேலத்தெரு என்றால் உயர்ந்த தெரு என்றும் எண்ணுகிற இளைஞர்கள் உண்டு. மேலத்தெரு என்பதை 'அப்பர் ஸ்ட்ரீட்' என்று ஆங்கிலத்தில் நிரப்பிய படிவம் ஒன்று என் கைக்கே வந்தது. கீழ் என்பதிலிருந்து கிழக்கும், மேல் என்பதிலிருந்து மேற்கும் பிறந்தன. பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி பாபநாசத்தில் இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, நெல்லை, ஸ்ரீவைகுண்டம் என்று சரிந்துகொண்டே போய்ப் புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. ஆற்றங்கரையில் நின்று தண்ணீர் வரும் பக்கத்தை மேலே என்றும் போகும் பக்கத்தைக் கீழே என்றும் சொன்னவர்கள் நம் முன்னோர்கள். நிலத்தின் சாய்வுதான் திசையின் பெயராயிற்று. 1841இல் இடையன்குடிக்கு வந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தச் சீமையிலேயே கழித்த மொழியறிஞர் கால்டுவெல் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். மலையாள நாட்டில் கிழக்கே மலை, மேற்கே கடல். அங்கே கிழக்கு என்பது மேடு. ஆனாலும் அவர்களும் கிழக்கைக் கிழக்கு என்றே சொல்கிறார்கள். மேற்கை மட்டும் ஞாயிறு படியும் திசை என்ற பொருளில் படிஞ்ஞாறு என்று மாற்றிக்கொண்டார்கள். மலைக்கு இந்தப் பக்கம் உருவான சொல் மலையைத் தாண்டிப் போன பிறகும் பழைய சாய்வை மறக்கவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டையைச் சுற்றிப் பார்த்தால் பெயர்கள் தாமாகவே திசைகாட்டியாகிவிடும். கோட்டைக்கு மேற்கே போனால் மேலப்பாளையம். ஊருக்கு மேற்கே ஒரு மேலநத்தம், கிழக்கே ஒரு கீழநத்தம். நத்தம் என்றால் வீடு கட்டிக் குடியிருப்பதற்கென்று விடப்பட்ட நிலம். வருவாய்த்துறைப் பதிவேட்டில் இன்றும் கிராம நத்தம் என்றே இருக்கிறது. ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில கிராமங்களில் கீழத்தெரு, வடக்குத் தெரு என்ற திசைப்பெயரே அங்கு குடியிருக்கும் சாதியின் மறுபெயராகப் புழங்குகிறது. "எந்தத் தெரு நீங்க?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டால், அது வழி கேட்பதற்கான கேள்வி அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். பெயர்ப்பலகையில் உள்ள சாதிச்சொல்லை அழிப்பது தேவைதான் என்றாலும், அது அழிந்ததும் காரியம் முடிந்துவிட்டது என்று யாரும் நம்பிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

மரத்தையும் நீரையும் வைத்து வந்த பெயர்கள் நம் ஊர்களில் ஏராளம். டவுனில் வாகையடி முக்கு இருக்கிறது. ஆலடி, அரசடி, புளியடி, தேரடி, செக்கடி என்று அடி சேர்ந்து வரும் பெயர்களெல்லாம் ஒரு காலத்தில் ஆள் சந்திக்கவும் சுமை இறக்கவும் அடையாளமாக இருந்த பொருளின் நிழலில் பிறந்தவை. ஆற்றோரம் வந்தால் துறை. குறுக்குத்துறை, சிந்துபூந்துறை என்னும் பெயர்களில் குளிக்கவும் நீர் எடுக்கவும் இறங்கிய படித்துறைகள் நிற்கின்றன. டவுனை ஒட்டிய பாட்டப்பத்து என்ற பெயரைக் கேட்டு, பத்து வீடோ பத்துக் குடும்பமோ முதலில் இருந்திருக்கும் என்று விளக்கம் சொன்ன ஒருவரை நான் அறிவேன். இந்தப் பக்கம் பத்து என்றால் வயல். பற்று என்பது பத்து ஆயிற்று. வயலுக்குள் வீடுகள் வந்த பிறகும் வயலின் பெயர் விலாசத்தில் தங்கிவிட்டது. மழைக்காலத்தில் இதுபோன்ற பெயருள்ள மனைகளில் தண்ணீர் நின்றால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மனை வாங்க வருகிறவர்களிடம், விற்பவர் வைத்த 'கார்டன்' என்ற பெயரைப் பார்க்காதீர்கள், தாய்ப்பத்திரத்தில் உள்ள பழைய பெயரில் குளமோ பத்தோ ஓடையோ வருகிறதா என்று பாருங்கள் என்று சொல்வது என் வழக்கம். கேட்டவர்கள் குறைவு.

சாலைத் தெரு என்ற பெயரும் இப்படிப் பார்க்கத் தக்கது. சாலை என்றால் இப்போது தார் ஊற்றியது எல்லாம் சாலை. பழைய வழக்கில் இருபுறமும் மரம் வைத்த பெருவழிக்குத்தான் அந்தப் பெயர். அதற்கும் முன்னால் சாலை என்பது அறம் செய்யும் இடத்தையும் குறித்தது. 1689 முதல் 1706 வரை மதுரை நாயக்கர் அரசைத் திருச்சியிலிருந்து ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரால் தென்மாவட்டங்களில் மங்கம்மாள் சாலை என்று வழங்குபவை இந்த மரமுள்ள பெருவழிகளே. மரங்கள் போய்விட்டன. பெயரில் அவற்றின் வரிசை நிற்கிறது.

தொழிலால் வந்த தெருப்பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது பாவடி. வீரவநல்லூர், மேலப்பாளையம் போன்ற நெசவூர்களில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலைத் தெருவின் நீளத்துக்கு நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுவதற்குள் இருபுறமும் ஆட்கள் நின்று அலகிட்டு நீவி உலர்த்துவார்கள். அதற்காகவே நெசவாளர் தெருக்கள் நேராகவும் நீளமாகவும் விடப்பட்டன. அந்த நேரத்தில் தெருவுக்குள் சைக்கிள் போகக் கூடாது, மாடு வரக் கூடாது. ஒரு கன்றுக்குட்டி குறுக்கே ஓடினால் ஒரு வாரத்துக் கூலி போய்விடும். ஆலைகளில் கஞ்சிபோட்ட பாவு வரத் தொடங்கிய பின் தெருவுக்கு அந்த வேலை இல்லை. அதனால்தான் பெயரையாவது விட்டுவைக்க வேண்டும் என்கிறேன்.

பேட்டை, பாளையம், பஜார் ஆகியவை வேறு வகை. பேட்டை, வணிகர்கள் சரக்கை இறக்கி விற்ற இடம். பாளையம், படை தங்கிய இடம். கோட்டையும் சேர்ந்ததால் பாளையங்கோட்டை. பஜார் பாரசீகத்திலிருந்து வந்து நம் தெற்கு பஜாரில் குடியேறிவிட்டது. இவை தவிர, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் மிஷன் பணிகளோடு வந்த பெயர்களும் இந்தச் சீமைக்கே உரியவை. 1799இல் கிறித்தவர்களுக்கென்று தனியே அமைந்த முதற் குடியிருப்புக்கு முதலூர் என்றே பெயர். சாமுவேல் சாயர் என்ற வணிகரின் பெயர் சாயர்புரம் ஆயிற்று. டோனா என்ற ஜெர்மானியப் பிரபு அனுப்பிய பணத்தில் உருவான நாங்குநேரிப் பக்கத்துச் சிற்றூர் டோனாவூர். அந்தப் பிரபு இந்த ஊர்ப் பனங்காட்டைக் கண்ணால் பார்த்தவர் அல்லர். இருந்தாலும் நம் மக்கள் அவர் பெயருக்குப் பின்னால் ஊர் என்ற சொல்லைச் சேர்த்துச் சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

இனி நகர்களும் காலனிகளும். நகர் என்று முடிகிற பெயர்களில் பெரும்பாலானவை மனைப்பிரிவு போட்டவர்கள் வைத்தவை. விற்பவரின் அப்பா பெயரோ பெண் பெயரோ சாமி பெயரோ இருக்கும், அதில் ஆராய அதிகம் இல்லை. இரண்டு பெயர்கள் மட்டும் விதிவிலக்கு. பாளையங்கோட்டையின் என்.ஜி.ஓ. காலனி, அரசிதழில் பதிவு பெறாத அலுவலர்களுக்காக அமைந்த குடியிருப்பு. அந்த மூன்று ஆங்கில எழுத்துகள் அதைத்தான் குறிக்கின்றன. ஆனால் இப்போது என்.ஜி.ஓ. என்றால் தொண்டு நிறுவனம் என்றே எல்லோர் நினைவிலும் பதிந்திருப்பதால், அங்கே ஏதோ சேவை இல்லம் இருக்கிறதென்று எண்ணி முகவரி விசாரிப்பவர்கள் உண்டு. இன்னொன்று கே.டி.சி. நகர். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தின் சுருக்கம் அது. ஒரு காலத்தில் இந்த மாவட்டத்துக்கே நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்றுதான் பெயர். 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டபொம்மனின் தளபதியான வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியதை ஒட்டித் தென்மாவட்டங்களில் மூண்ட கலவரத்துக்குப் பின், மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் எல்லாமே நீக்கப்பட்டன. பேருந்தின் நெற்றியிலிருந்து கட்டபொம்மன் இறங்கிப் போன பிறகும், ஒரு குடியிருப்பின் பெயரில் மூன்று எழுத்தாக இன்னும் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சூட்டுவதால் என்ன நேரும், பெயரை எடுப்பதால் என்ன மிஞ்சும் என்பதற்கு இந்தச் சீமை வெளியே போய் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை.

காலனி என்ற சொல்லுக்கு இரண்டு தலைவிதி. நகரத்தில் அது உத்தியோகஸ்தர்களின் கௌரவமான குடியிருப்பு. கிராமத்தில் அது ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களின் இடம். ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமைக்கான குறியீடாகவும் மாறிவிட்ட அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரல் 29ஆம் நாள் சட்டப்பேரவையில் அறிவித்தபோது, நகரத்துக் காலனிவாசிகள் சிலருக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. ஒப்பந்தத்தில் முகவரி எழுதுவதற்காகக் கேட்கும்போது, ஊர்ப்பெயரை உரக்கச் சொல்லிவிட்டுத் தெருப்பெயருக்கு வரும்போது குரலைத் தணித்துக்கொள்ளும் இளைஞர்களை என் மேசைக்கு முன்னால் பலமுறை பார்த்திருக்கிறேன். எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டும்போது அந்த ஒரு சொல்லை நானும் மெதுவாகவே வாசிப்பேன். ஆகவே சாதிப்பெயர் போக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

எப்படிப் போக வேண்டும் என்பதில்தான் நிதானம் வேண்டும். ஆள் பெயருக்குப் பின்னால் உள்ள வாலை மட்டும் வெட்டுவது எளிதென்று தோன்றும். நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே தாமிரபரணி மீது 1843 முதல் நிற்கும் பாலத்தைத் தம் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தவர் சுலோசன முதலியார். பின்னொட்டை எடுத்துவிட்டு அதைச் சுலோசனா பாலம் என்று ஆக்கிப் பாருங்கள். அள்ளிக் கொடுத்த மனிதர் ஒரே நாளில் யாரோ ஓர் அம்மையார் ஆகிவிடுவார். இப்போதே பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தனி மனிதரின் பெயர் நிற்கும் இடங்களில் அவர் யார், என்ன செய்தார் என்ற ஒரு வரியைப் பலகையில் சேர்க்காமல் வெட்டுவதோ ஒட்டுவதோ பயன் தராது. தொழிலையும் சாதியையும் ஒருசேரக் குறிக்கும் பெயர்களில், அந்தப் பெயரால் அழைக்கப்படுபவர்களிடமே முதலில் கேட்க வேண்டும். அடுத்த தெருக்காரரின் கருத்து இரண்டாவதாக வரட்டும்.

முழுவதும் மாற்ற வேண்டிய தெருக்களுக்குப் பூப்பெயர்களும் புலவர் பெயர்களும் பேசப்படுகின்றன. புலவர்களிடம் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் எல்லா ஊரிலும் ஒரு மல்லிகைத் தெருவும் ஒரு திருவள்ளுவர் தெருவும் வந்தால், தபால்காரரின் கதி என்ன என்பதை யோசிக்க வேண்டும். இந்தத் தொல்லை நமக்கு முன்பே உண்டு. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் இணைத்து 1994இல் மாநகராட்சி ஆக்கியபோது, ஒவ்வோர் ஊரும் தனக்கென்று வைத்திருந்த பிள்ளையார் கோவில் தெருவும் நடுத்தெருவும் ஒரே நகரத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டன. தனியூராக இருந்தபோது நடுத்தெரு எதற்கு நடுவில் இருந்தது என்பது தெரியும். இப்போது பகுதியின் பெயரைச் சேர்த்துச் சொன்னால்தான் கடிதம் வீடு சேர்கிறது. இதே குழப்பத்தை மறுபடியும் நாமே விலைகொடுத்து வாங்க வேண்டாம்.

இதற்கான வழி பெரும்பாலும் பழைய பத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. இன்று சாதிப்பெயரால் வழங்கும் ஒரு தெருவின் வீட்டுக்குத் தாய்ப்பத்திரம் தேடும்போது, இரண்டு தலைமுறைக்கு முந்தைய எல்லைக் குறிப்பில் அதே தெரு 'ஊருணித் தெரு' என்று எழுதப்பட்டிருந்ததை நான் பார்த்தேன். இன்னொன்று 'கல்மண்டபத்துத் தெரு' என்று இருந்தது. மண்டபம் இடிந்து, ஊருணி தூர்ந்த பிறகு, அடையாளம் சொல்ல வேறொன்றும் இல்லாமல் அங்கே குடியிருந்தவர்களின் சாதி தெருவுக்கு அடையாளமாகிப் போயிற்று. அப்படியானால் இப்போதைய பெயர்தான் பரம்பரைப் பெயர், மாற்றக் கூடாது என்று வாதிடுகிறவர்களுக்கும், புதிதாக என்ன வைப்பது என்று தெரியாமல் பூப்பட்டியலைப் புரட்டுகிறவர்களுக்கும் ஒரே காகிதம் பதில் சொல்லிவிடுகிறது. மண்ணிலேயே பிறந்த, சாதி ஒட்டாத பெயர் முன்பே இருந்தால் அதைத் திரும்ப வைப்பதற்கு யாரிடமும் சண்டை வராது. வந்தாலும் சிறிதாக வரும்.

ஆகவே மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி நிர்வாகங்களுக்குத் தங்கள் நாளிதழின் வாயிலாக ஒரு வேண்டுகோள். எந்தத் தெருவின் பெயரை மாற்றத் தீர்மானம் கொண்டுவந்தாலும், அந்தத் தெருவின் வீடுகளுள் நான்கைந்தின் தாய்ப்பத்திரங்களில் உள்ள எல்லைக் குறிப்புகளைப் படித்து, பழைய பெயர்களைத் தீர்மானத்தோடு சேர்த்து எழுதுங்கள். மாற்றிய பெயருக்கும் பழைய பெயருக்குமான பொருத்தப் பட்டியலைப் பதிவுத்துறைக்கும் அஞ்சலகத்துக்கும் அன்றே அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் இருபது ஆண்டுகள் கழித்து இன்னோர் அம்மா துணிக்கடைப் பையோடு அலைவார். சாதி தொனிக்காத பழைய பெயராக இருந்தால், புதிய பலகையில் அதைச் சிறிய எழுத்தில் கீழே போடுங்கள். முடுக்கை முடுக்கு என்றே எழுதுங்கள். அதைத் தெருவாக உயர்த்தினாலும் அதன் அகலம் கூடப்போவதில்லை.

தொழிலில் இருந்த நாட்களில், எல்லைக் குறிப்பில் புதிதாக ஒரு பெயர் கண்ணில் பட்டால் அதை மட்டும் தனியே ஒரு கோடுபோட்ட நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. சொத்து விவரமோ ஆட்களின் பெயரோ அதில் இல்லை. ஊர், தெரு, பத்திரத்தின் ஆண்டு ஆகிய மூன்றுதான். டவுன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம், சேரன்மாதேவி, அம்பாசமுத்திரம் பகுதிகளின் பெயர்கள் அதில் இருக்கின்றன. கேட்கிற அலுவலகத்துக்கு நகல் எடுத்துத் தர ஆயத்தமாக இருக்கிறேன். என்னைப் போன்ற பத்திர எழுத்தர்கள், தபால்காரர்கள், தீர்வை வசூல் செய்தவர்கள் இன்னும் ஊருக்கு ஓரிருவராவது இருப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த தெருப்பெயர்களையும் காரணங்களையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பச் சொல்லி, ஞாயிறுதோறும் தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில் கால் பத்தி இடம் ஒதுக்கினால், முதல் அட்டையாக அந்தச் செக்கடி முடுக்கை நான் அனுப்பி வைக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர்,
பாளையங்கோட்டை.